லோயர் அண்ணையின் ஒரேயொரு கூட்டு வழக்கு

ரொறன்ரோவில் எங்களைப் பற்றி ஒரு பொது இடத்தில் எழுந்து நின்று முதன்முதலாக நல்லபடி பேசியவர் எங்கள் முதலாளியின் சட்டத்தரணி. உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, பின்னால் இறுக்கிக் கட்டிய நரைத்த தலைமயிர். ஒரு சொல்லையும் அவசரப்படுத்தாமல் நீதிபதியைப் பார்த்துப் பேசினார். இந்தத் தொழிலாளர்கள் கடுமையாக உழைப்பவர்கள், ஆங்கிலம் அதிகம் அறியாதவர்கள், தங்களுக்காக வாதாட வந்தவரை முழுமையாக நம்பியவர்கள், அந்த நம்பிக்கைக்கு ஏற்ற சேவை அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவர்களுடைய உரிமையை இனியும் இப்படிப்பட்ட கைகளில் விட்டுவைப்பது நியாயமல்ல என்றார். பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "ஆர் பிள்ளை உவ? வடிவாக் கதைக்கிறா. எங்கட பக்கமோ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி, கொம்பனிப் பக்கம்" என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் பக்கத்து நீண்ட மேசையில் எங்கள் லோயர் அண்ணை தனியாக இருந்தார். அங்கியின் ஒரு பக்கம் தோளிலிருந்து நழுவியிருந்தது. தலையைக் குனிந்து பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் எங்கள்மீது அத்தனை அன்பு காட்டியது எங்கள் வழக்கைக் கலைப்பதற்காக. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது.

லோயர் அண்ணை கொழும்பில் சட்டம் படித்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் கனடாவுக்கு வந்து, இங்கே மறுபடியும் பரீட்சைகள் எழுதி, பார்க்டேலில் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் அலுவலகம் திறந்தார். எங்கள் சனம் அகதிகளாக வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. விமான நிலையத்தில் இறங்கிய பலருடைய சட்டைப் பையில் அவருடைய தொலைபேசி இலக்கம் இருந்தது. அலுவலகத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத கதிரைகள், கீழ்க்கடையில் விலைப்படாமல் போனவை. தொலைபேசியை எடுப்பவர் அவருடைய மனைவி. அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். லோயர் அண்ணை எப்போதும் யாரோ ஒருவருடைய அகதி விசாரணையில் இருப்பார், அல்லது அதற்குப் போகும் வழியில் இருப்பார். அவருக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள் கொடுக்கவில்லை. கொடுக்க முடிந்தவர்களிடமும் கேட்க மறந்துவிடுவார்.

அகதி விசாரணையில் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் எதுவும் விளங்காது. என்னுடைய விசாரணை நாளன்று நான் வாயைத் திறக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தேன். தம்பிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் என் வழக்கில் ஒன்றுமில்லை. விசாரணை செய்பவர் கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார், எனக்கு நாக்கு எழவில்லை. லோயர் அண்ணை எழுந்து, ஒரு கேள்வி தான் கேட்கலாமா என்று அனுமதி வாங்கினார். என்னிடம் தமிழிலேயே கேட்டார்: "பிள்ளை, நீங்கள் வெளிக்கிடேக்க வீட்டை ஆர் பூட்டினது?" தம்பியைப் பற்றியும் அவனைப் பிடித்துப்போன ஆமிக்காரரைப் பற்றியும் கேட்கவில்லை, வீட்டைப் பூட்டியதைப் பற்றிக் கேட்டார். "ஒருத்தரும் பூட்டேல்லை" என்றேன். ஏன் பூட்டவில்லை என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பி திரும்பி வந்தால் உள்ளே போக வேண்டுமே என்று அம்மா பூட்ட விடவில்லை. அதைச் சொல்லத் தொடங்கியதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் துடைத்தார். இந்த நாட்டில் நான் இருப்பது அந்த ஒரு கேள்வியால். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்த தமிழரில் அரைவாசிப் பேருக்கு இப்படி ஒரு கதை இருந்தது. அந்த நன்றிதான் பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

தொழிற்சாலை ஸ்காபரோவில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள், துவாய்கள், மேசை விரிப்புகள் எல்லாம் அங்கே வந்து சலவையாகிப் போகும். ஏறக்குறைய இருநூறு பேர் வேலை செய்தோம். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் எங்கள் ஆட்கள். பிலிப்பினோக்களும் கயானாக்காரரும் கொஞ்சப் பேர். வேலை நேரத்தைப் பதிவு செய்யும் கார்ட் அடிக்கிற இயந்திரம் வாசலில் இல்லை. மண்டபத்தின் கடைசி மூலையில், எங்கள் மெஷின்களைத் தாண்டி இருந்தது. காலையில் உடுப்பு மாற்றி, தலைவலை போட்டு, கையுறை போட்டு, இரவு வேலைக்காரர் விட்டுப்போன அழுக்குத் துணி வண்டிகளை இழுத்து ஒதுக்கி, மெஷினில் ஒட்டியிருக்கும் பஞ்சைச் சுரண்டி எடுத்த பிறகுதான் கார்ட் அடிக்க விடுவார்கள். பின்னேரமும் அப்படித்தான். முதலில் கார்ட் அடி, பிறகு கூட்டு, பிறகு வீட்டுக்குப் போ. ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் நாங்கள் செய்த வேலை கணக்கில் வராது. வருடக்கணக்காக வரவில்லை.

இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்று முதலில் சொன்னவர், முஸ்லிம் வழக்கில் அண்ணன் என்ற பொருளில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட மனிதர். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம், மெஷின்களைத் திருத்துபவர். அவர் அகதியாக வந்தவரல்ல. தொழில் தெரிந்தவர் என்று விண்ணப்பம் போட்டு முறைப்படி வந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுற்றி வளைக்கமாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "தங்கச்சி, இது சட்டப்படி பிழை. லேபர் ஒஃபிஸ்ல போய்ச் சொன்னா அவங்களே வந்து பார்ப்பாங்க" என்றார். எனக்கு ஓரளவு ஆங்கிலம் வரும் என்பதால் என்னிடம் வந்தார். நான்தான், அதற்கு முன்பு லோயர் அண்ணையிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்றேன். அந்த நாட்களில் நாங்கள் வாடகை வீடு மாறுவதென்றாலும் அவரிடம்தான் கேட்போம்.

லோயர் அண்ணைக்குக் கண்கள் மின்னியது எனக்கு நினைவிருக்கிறது. மேசையைச் சுற்றி எழுந்து வந்து நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "லேபர் ஒஃபிஸோ? உது சின்ன வேலை நானா. புதுச் சட்டம் ஒண்டு வந்திருக்கு. கிளாஸ் அக்சன். நீங்கள் ரெண்டு பேர் முன்னுக்கு நிண்டாக் காணும். இருநூறு பேருக்கும் சேர்த்து ஒரே வழக்கு. வெண்டா எல்லாருக்கும் கிடைக்கும்." அதைச் சொல்லும்போது அவர் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். எங்கள் சனத்தை எல்லோரும் அகதி அகதி என்றே சொல்கிறார்கள், இனித் தொழிலாளர் என்றும் சொல்லட்டும் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானா மட்டும், "நீங்க இதுக்கு முந்தி இப்பிடி வழக்கு செஞ்சிருக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஒருத்தரும் செய்யேல்லை நானா. சட்டமே புதுசு" என்று லோயர் அண்ணை சிரித்தார். பதில் சரியாகத்தான் இருந்தது. நானாவும் சிரித்துவிட்டு மேலே கேட்கவில்லை.

தொடக்கம் நன்றாகவே போனது. அவருடன் பரீட்சைக்குப் படித்த நண்பர் ஒருவர் பத்திரங்களை எழுதிக் கொடுத்தார். நீதிமன்றம் எங்கள் வழக்கைக் கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்டது. என்னையும் நானாவையும் எல்லோருக்கும் பிரதிநிதிகளாகவும், லோயர் அண்ணையை எல்லோருக்குமான சட்டத்தரணியாகவும் அங்கீகரித்தது. பார்க்டேல் அலுவலகத்தில் அக்கா கேக் வெட்டினார். ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொடுத்தார். அந்த நண்பர் அதன் பிறகு வேலை கிடைத்து வன்கூவர் பக்கம் போய்விட்டார். அவரோடு எங்கள் வழக்கின் மூளையும் போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பொறுமை போதாது. நிறுவனம் எழுத்தில் கேட்ட கேள்விகளுக்குக் குறித்த தவணைக்குள் பதில் போகவில்லை. லோயர் அண்ணை மேலும் தவணை கேட்டார், கொடுத்தார்கள், அந்தத் தவணையும் போய்விட்டது. எங்கள் இரண்டு பேரையும் நிறுவனத்தின் சட்டத்தரணிகள் விசாரிக்க இருந்த நாளன்று நானும் நானாவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர்கள் அலுவலக வாசலில் காத்து நின்றோம். லோயர் அண்ணை வரவில்லை. அன்று தடுப்புக் காவலில் இருந்த ஒரு பொடியனைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று விமான நிலையத்துக்கு ஓடியிருந்தார். பொடியனைக் காப்பாற்றிவிட்டார். அதற்கு என்ன சொல்வது? எப்போது தொலைபேசி எடுத்தாலும் அக்காவின் குரல்: "அவர் ஹியரிங்கில நிக்கிறார். வந்தோடன எடுக்கச் சொல்லுறன்." எடுத்ததில்லை. தற்செயலாக ஆள் அகப்பட்டால், "நீ யோசிக்காதை பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்பார். அந்தக் குரலில் அத்தனை கனிவு இருக்கும். போனை வைத்த பிறகுதான், கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது எனக்கு உறைக்கும்.

எல்லாவற்றையும் விட மோசம் அந்த அறிவித்தல். வழக்கில் இருக்க விரும்புபவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, விலக விரும்புபவர்கள் மட்டும் ஒரு துண்டில் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும் என்று எல்லாத் தொழிலாளருக்கும் தெரியப்படுத்த வேண்டியிருந்தது. தமிழில் அதை எழுதியவர் லோயர் அண்ணையேதான். 'மேற்படி வகுப்பினின்றும் தம்மை நீக்கிக்கொள்ளாதிருத்தலை விரும்பாதோர்' என்று தொடங்கியது அந்த வாக்கியம். சாப்பாட்டு அறையில் நானா அதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் வாசித்துப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கு இது விளங்கல்ல. உங்களுக்கு விளங்குதா?" எனக்கும் விளங்கவில்லை. ஆனால் எங்கள் அன்ரிமார் விளங்கிக்கொண்டார்கள். லோயர் அண்ணை அனுப்பியது, கையெழுத்து வைக்க இடம் விட்டிருக்கிறது, ஆகவே வைக்க வேண்டும். வழக்கில் சேர்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வரிசையாகக் கையெழுத்து வைத்து வழக்கிலிருந்து விலகினார்கள். அன்று நான் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் போட்டு அடித்தேன். மூடி உடைந்துபோனது.

நீதிபதி ஒரு தடவை எச்சரித்தார், மறுதடவையும் எச்சரித்தார். கடைசியாக, கூட்டு வழக்கு என்ற அங்கீகாரத்தையே நீக்க வேண்டும் என்று நிறுவனம் விண்ணப்பம் போட்டது. காரணம், எங்கள் சட்டத்தரணி போதாதவர். நீதிபதி உடனே கலைக்கவில்லை. அனுபவமுள்ள வேறொரு சட்டத்தரணியைச் சேர்த்துக்கொண்டு வர எங்களுக்குச் சில வாரங்கள் அவகாசம் கொடுத்தார். நானா தானே அலைந்து விசாரித்து, நகரின் நடுவே டவுன்ரவுனில் தொழிலாளர் வழக்குகள் செய்யும் ஒருவரைக் கண்டுபிடித்தார். வழக்கில் நியாயம் இருக்கிறது, தான் வருகிறேன், ஆனால் பொறுப்பு தன் கையில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அவர் சொல்லித்தான் இன்னொன்றும் எங்களுக்குத் தெரிய வந்தது. வழக்கு தோற்றால் மற்றப் பக்கத்துச் செலவையும் நாங்கள் கட்ட வேண்டி வரலாம். இருநூறு பேரும் அல்ல, முன்னுக்கு நின்ற நாங்கள் இரண்டு பேர். நானா அப்போதுதான் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் எங்களில் பலர் குடியிருந்த கட்டடத்தின் பார்ட்டி அறையில் லோயர் அண்ணை உட்பட எல்லோரையும் கூட்டினோம். நானா எழுந்து நடந்ததைச் சொன்னார். யாரையும் குறை சொல்லாமல்தான் சொன்னார். "லோயர் நல்ல மனிசன். நல்ல டொக்டரும் நல்ல மனிசன்தான். அதுக்காகக் காரைத் திருத்த அவருட்டக் குடுப்பமா?" ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு அன்ரி எழுந்தார். "என்ர மோனைத் தடுப்பில இருந்து எடுத்துத் தந்தவர் அவர். வெண்டாலும் தோத்தாலும் நான் அவரைவிட்டு வரமாட்டன்." பல தலைகள் ஆடின. "அன்ரி, இது மோனின்ர கேஸ் இல்லை, இது எங்கட சம்பளம்" என்று நான் சொன்னேன். "உனக்கும் அவர்தானே பிள்ளை பேப்பர் எடுத்துத் தந்தவர்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பின்னாலிருந்து ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி, "நானாவுக்கு என்ன, அவையள் வேற ஆக்கள்தானே" என்றான்.

நானா கதவோரக் கதிரையில் போய் இருந்தார். எழுந்து போகவில்லை. அதுவரை மூலையில் இருந்த லோயர் அண்ணை எழுந்து அந்தப் பையனிடம் நேரே போனார். "வாயை மூடு. நானா இல்லாட்டி இந்த வழக்கே இல்லை. எழும்பி மன்னிப்புக் கேள்." அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பையன் எழுந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு லோயர் அண்ணை எங்கள் எல்லோரையும் பார்த்து, "நானா சொல்லுறது சரி. அந்த டவுன்ரவுன் ஆளையும் சேர்த்துச் செய்வம். நாளைக்கே நான் போன் எடுக்கிறன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவரைவிட்டு வரமாட்டேன் என்ற அன்ரியும் தட்டினார். பிளாஸ்டிக் கோப்பைகளில் சோடா ஊற்றிக் கொடுத்தோம். நானா அன்று முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் எங்கள் கோபத்தைக் கரைத்துவிடுவார்.

அவர் போன் எடுத்ததாகத்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டபோது, "கதைச்சிட்டன் பிள்ளை, ஒழுங்கு நடக்குது" என்றார். நீதிமன்றத்துக்குப் போன காலையில் நீண்ட மேசையில் அவர் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்ததைக் கண்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முதலாளி பக்கத்து அம்மையார் பேசி முடித்த பிறகு நீதிபதி லோயர் அண்ணையிடம், புதிய சட்டத்தரணி எங்கே என்று கேட்டார். பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார் லோயர் அண்ணை. எத்தனை தடவை பேசினீர்கள் என்று நீதிபதி கேட்டார். லோயர் அண்ணை பைக்குள்ளிருந்து கையை எடுத்துவிட்டு, முதன்முறையாக நேரே நின்று, "பேசவில்லை" என்றார்.

நீதிபதி தன் முடிவைச் சொன்னார். இது தொழிலாளர்களின் பிழையல்ல. அவர்களுடைய முறைப்பாட்டில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் தங்களைச் சரியாகப் பிரதிநிதித்துவம் செய்ய யாருமில்லாத இத்தனை பேரை ஒரு வழக்கில் கட்டி வைத்திருப்பது அவர்களுக்கே தீங்கு. ஆகவே கூட்டு வழக்கு என்ற அங்கீகாரம் நீக்கப்படுகிறது. விரும்புகிறவர்கள் தனித்தனியாகத் தங்கள் வழக்கை நடத்தலாம். நிறுவனம் செலவு எதுவும் கேட்கவில்லை என்றார் அந்த அம்மையார். அதையும் எங்கள்மீது இரக்கப்பட்டே சொன்னார். பக்கத்தில் இருந்த அன்ரி, "என்னவாம் பிள்ளை? வெண்டிட்டமோ?" என்று கேட்டார்.

வெளியே நடைபாதையில் நானா நின்றபடியே கேட்டார்: "தனித்தனியாவா? பஞ்சு சுரண்டுற பொம்பிளையள் தனித்தனியா லோயர் பிடிச்சுக் கோர்ட்டுக்குப் போவாங்களா?" லோயர் அண்ணை, "அப்பீல் ஒண்டு போடலாம் நானா" என்றார். நானா கோட்டை மாட்டிக்கொண்டு படிகளில் இறங்கிப் போனார். நான் போகவில்லை. "ஏன் அண்ணை போன் எடுக்கேல்லை?" என்று கேட்டேன். "எடுத்தனான் பிள்ளை. ஒருக்கா எடுத்தனான். அவரின்ர செக்ரெட்டரி என்ர பேரை மூண்டு தரம் எழுத்துக் கூட்டச் சொன்னாள். பிறகு லைனில வைச்சிட்டுப் போட்டாள். கனநேரம் பாத்தன். வைச்சிட்டன்." என் காதுகள் சூடேறின. "உங்களை லைனில வைச்சவையோ? எங்களை நீங்கள் எத்தினை வருசமா லைனில வைச்சிருக்கிறியள்?" என் குரலுக்கு நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒரு உதவி செய்வியே?" என்றார். "மத்தியானம் ஒரு ஹியரிங். அந்தப் பிள்ளை கைக்குழந்தையோட வாறா. வெளியில வைச்சிருக்க ஆளில்லை." இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது? வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் குழந்தை என்ன பாவம் செய்தது? அவருக்குப் பின்னால் நடந்தேன். அகதி விசாரணை நடக்கும் கட்டடத்தில் அந்தப் பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். என்னைவிட இளையவள், நான் அன்று நடுங்கியது போலவே நடுங்கிக்கொண்டிருந்தாள். லோயர் அண்ணை அவள் முன்னால் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனாள். அந்த அறைக் கதவுக்கு வெளியே பின்னேரம் முழுக்க முன்பின் தெரியாத ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் வெளியே வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வசனம் வசனமாக அடுக்கினேன். குழந்தை என் சட்டையில் கக்கியது.

கதவு திறந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். அன்றே, அங்கேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். குழந்தையை வாங்கி முத்தமிட்டுவிட்டு லோயர் அண்ணையின் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறிப்போய் விலகினார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காலையில் நீதிமன்றத்தில் நின்ற ஆள் இவர்தானா? "பாத்தியே பிள்ளை!" என்றார் என்னிடம். அடுக்கி வைத்த வசனங்களில் ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது. "உங்களுக்கு இது வரும் அண்ணை, அது வராது. அதை எங்களுக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாம்." அவருடைய முகம் அணைந்தது. "ஓம்" என்று மட்டும் சொன்னார். நான் சப்வேயில் ஏறி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

தனித்தனியாக யாரும் வழக்குப் போடவில்லை. கொஞ்சப் பேர் நானாவோடு லேபர் ஒஃபிஸுக்குப் போனார்கள். பழைய காலத்துக்குக் கேட்க முடியாது, தவணை கடந்துவிட்டது என்றார்கள். நானா முதலில் சொன்ன அன்றைக்கே போயிருந்தால் கேட்டிருக்கலாம். சில மாதங்களில் நிறுவனம் சத்தமில்லாமல் கார்ட் இயந்திரத்தைக் கழற்றி வாசலுக்கு அருகே பூட்டியது. அதன் பிறகு வந்தவர்களுக்கு வந்த நேரத்திலிருந்து சம்பளம் கிடைத்தது. எங்களுக்கு முன்பு போனது போனதுதான். அந்த இயந்திரம் இடம் மாறியதை லோயர் அண்ணை வெற்றி என்று சொல்லித் திரிகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கெட்ட வார்த்தை வந்தது. யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் இருக்கிறேன். தினமும் ரயிலில் டவுன்ரவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன கோடையில் அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில் லோயர் அண்ணையின் எண்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். மண்டபம் கொள்ளாத கூட்டம். அவரால் இந்த நாட்டில் தங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மேடையில் ஒரு இளம் சட்டத்தரணி, தமிழ்த் தொழிலாளருக்காக முதன்முதலில் கூட்டு வழக்குத் தொடுத்தவர் என்று அவரைப் புகழ்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பக்கத்தில் போனதும் லோயர் அண்ணை என் கையைப் பிடித்து, பார்வை மங்கிய கண்களால் எனக்குப் பின்னால் தேடினார். "நானா வரேல்லையோ?"

நானா வரவில்லை. அழைப்புக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அவரிடம் நான் கேட்டிருந்தேன். "வந்தாக் கை குடுக்கோணும் தங்கச்சி. எனக்கு இன்னும் கோவம் போகல்ல" என்று சொல்லியிருந்தார். அதை அந்த மண்டபத்தில் எப்படிச் சொல்வது? சுகமில்லை என்றேன். லோயர் அண்ணை என் கையை விடவில்லை. "அண்டைக்கு அவர் சொன்னதுதான் சரி பிள்ளை. நான் விட்டுக் குடுத்திருக்கோணும். நீ அவரிட்டைச் சொல்லு." இத்தனை வருடம் கழித்து, கடைசியில், அதையும் இன்னொருவர் மூலம்! "நான் சொல்லமாட்டன் அண்ணை. நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கோ" என்றேன். அவருடைய பேத்தியைக் கூப்பிட்டு, நானாவின் இலக்கத்தை லோயர் அண்ணையின் போனில் பதிய வைத்தேன். "ஓம் ஓம், நாளைக்கே எடுக்கிறன்" என்றார். அந்தக் குரலில் அதே கனிவு.

அடுத்த வாரம் நானாவுக்குப் போன் எடுத்து, யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். யார் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "எங்க!" என்றார். அதற்கடுத்த மாதமும் "எங்க! ஒருத்தரும் எடுக்கல்ல" என்றார். இப்போது பனி கொட்டத் தொடங்கிவிட்டது, இன்னும் அதே பதில்தான். நானாவோடு இருக்கும் அவருடைய மகள் போன ஞாயிறு என்னிடம் குறைப்பட்டாள். "அக்கா, வாப்பா முந்தித் தெரியாத நம்பர் எண்டா எடுக்கவே மாட்டார். இப்ப காப்பெட் கழுவ வாறம் எண்டு எடுக்கிறவனோடயும் கதைக்கிறார். ஒரு போனையும் விடுறாரில்ல."